பாதி ஜோடி

முதலில் கைவிடுவது தையல் அல்ல, பசை.
அடிப்பாகம் நாக்காகத் தொங்கி
மதாவ்ரா ஆற்றின் நடுவில்
ஒவ்வோர் எட்டுக்கும் தண்ணீரை நக்கும்.
போன செவ்வாய்க்கிழமை அப்படித்தான்.
ஒசாகாவிலிருந்து வந்த பல் மருத்துவர்
தூண்டிலை மறந்து என்னையே பார்க்க,
நான் சிரித்துக்கொண்டே
பூட்ஸைக் காலோடு சேர்த்து
மீன்பிடி நூலால் கட்டினேன்.
கூலி வாங்கும் வழிகாட்டி விழக்கூடாது.

கோர் நகரில் மோராக்கின் கடை.
விலை சொல்வதற்கு முன்
பழையதைக் கேட்பாள்.
கவிழ்த்துப் பார்ப்பாள். மோந்து பார்ப்பாள்.
கட்டைவிரலால் ஓரத்தை அமுக்குவாள்.
"அடுப்புப் பக்கத்தில் உலர்த்தியிருக்கிறாய்."
இல்லை என்றேன்.
"உலர்த்தியிருக்கிறாய்."

தோல் அழகுதான். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து
சீசன் முடிவதற்குள் ஒரு சைஸ் சுருங்கிவிடும்.
திருகினால் இறுகும் கம்பி
விறைத்த விரல்களுக்குச் சுகம்;
உள்ளே ஒரு மணல் போதும், பிறகு
கழற்ற இடுக்கி தேட வேண்டும்.
எனக்கு நாடா.
நாடா அறுந்தால் இன்னொரு நாடா, அவ்வளவு.
ஃபெல்ட் அடிப்பாகம் பாசியில் பல்லியாய் ஒட்டும்.
இந்த நாட்டில் அதற்குத் தடை:
பாறைச்சளி என்று நாங்கள் திட்டும் பாசி
அதன் ஈர இழைகளில் ஒளிந்து
ஆறு விட்டு ஆறு தாவும்.
ஆகவே ரப்பர். ரப்பரில் டங்ஸ்டன் ஆணிகள்.
கல்லில் நடந்தால் லாடச் சத்தம்,
நான் வருவது மீனுக்கு முன்பே தெரிந்துவிடும்.
பரவாயில்லை,
விழுகிற சத்தம் இதைவிடப் பெரிது.

மோராக் என் இரண்டு பூட்ஸையும்
மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.
வலது: இன்னும் இரண்டு சீசன் தாங்கும்.
இடது: செத்துவிட்டது.
"ஆறு எப்போதும் உன் இடப்பக்கம்.
ஆள் எப்போதும் வலப்பக்கம்.
ஓட்டத்தை இந்தக் கால்தான் வாங்குகிறது."
பதினோரு வருடம். எனக்குத் தெரியாது.
என் காலைப் பற்றி
அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

இடதை மட்டும் தருவாயா?
"பூட்ஸ் என்ன முட்டையா, ஒன்றாக விற்க?"

பொய்ப்பூச்சித் தட்டுகளுக்குப் பின்னால்
யாரோ இருமினார்கள்.
ஹோரோமோனா.
இறைச்சி ஆலையின் சங்கிலி
அவர் இடது காலை எடுத்துக்கொண்டு
எட்டு வருடம் ஆகிறது.
"இது கார்பன் கால். குளிராது.
தண்ணீர் புகுந்தால் திட்டாது.
வாங்கிய நாள் முதல் ஒரே பூட்ஸ்தான் இதற்கு.
வலதுதான் வருடா வருடம் பிய்கிறது.
உன் சைஸ் என்ன?"

பத்து.

அவர் தன் வலது பாதத்தைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
மோராக் கூரையைப் பார்த்தாள்.

நானூற்று நாற்பது டாலர். சரிபாதி.
பெட்டி யாருக்கு என்பதில் சின்னத் தகராறு,
அவர் ஜெயித்தார்.
உத்தரவாத அட்டையில் ஒரு பெயருக்குத்தான் இடம்.
மோராக் இரண்டையும் நெருக்கி எழுதி
நடுவில் ஒரு கோடு கிழித்து
"கல்யாணப் பதிவு மாதிரி இருக்கிறது" என்றாள்.
நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை விடியல், ஒரேட்டிக் கரை.
எனக்கு வேலை இல்லாத நாள்.
மூன்று வாரமாக ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்த மடு,
அதில் ஒரு பழுப்பு டிரவுட், முழங்கை நீளம்.
சேற்றில் ஒரு வலது தடம்:
ஆணி ஒவ்வொன்றும் கூர்மையாக, புத்தம் புதிதாக.
அதையொட்டி வழுக்கையாய்த் தேய்ந்த ஓர் இடது.
தண்ணீர் கலங்கியிருந்தது.

என் ஜோடியின் மறுபாதி
எனக்கு முன்பே இறங்கிவிட்டது.

நன்றாகத் திட்டினேன், அவரை அல்ல,
அந்த வலது பூட்ஸை.
பிறகு மேல்மடுவை நோக்கி
கல்மேல் நடந்தேன்,
புதிய இடது, பழைய வலது:
டக், சொத்.
டக், சொத்.