எதிர்பார்க்கும் விடை

பாடத்திட்டத் தாளின் மூன்றாவது கட்டத்துக்கு
இதுதான் தலைப்பு.
வெறுமையாக விட்டால் தாள் திரும்பி வரும்.
நிரப்பினேன்:
அப்பா. அம்மா. அண்ணன். தங்கை.
(சித்தி, மாமா எனச் சிலர் சொல்லக்கூடும்.)

ஆறு வாரமாக நன்யாங் குளிரறையில்
ஒருவருக்கொருவர் பிள்ளைகளாக இருந்தோம்.
தேசிய சேவை முடித்த விக்னராஜ்
மேசைக்கடியில் பென்சில் உருட்டினான்.
வருகிற மார்ச்சில் நிக்காஹ் வைத்திருக்கும் ஹமீதா
"சேர், இவன் என் ரப்பர எடுத்துட்டான்" என்று
உதட்டைப் பிதுக்கினாள்.
சிரிக்காமல் நிற்பதே எனக்கு
வகுப்பறை மேலாண்மை.

கேள்வி கேட்டால் மூன்று வினாடி
காத்திருக்க வேண்டும். தேர்விலும் வந்தது.
விக்னராஜ் இரண்டாவது வினாடியில்
கை தூக்கிச் சரியாகச் சொல்வான்,
என் தாளை முன்னாடியே பார்த்துவைத்த பிள்ளை.

பிறகு உட்லண்ட்ஸ்.
தமிழுக்கென்று கொடுத்த அறை நான்காம் மாடியில்,
உடற்கல்விச் சாமான் அறைக்குப் பக்கத்தில்.
எப்போதும் ஒரு ரப்பர் பந்து வாடை.
மூன்று வகுப்புகளிலிருந்து உதிரியாக வந்து சேர
ஐந்து நிமிடம் போய்விடும்;
அரை மணியில் ஐந்து.
அதற்குத் தாளில் கட்டம் கிடையாது.
பதினொரு பேர். ராகம் போட்டு "வணக்கம் ஆசிரியர்".
உட்கார்ந்ததும் நான் வெறும் "சேர்".
டீச்சரில் பாதியைப்
படிக்கட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

கடைசி வரிசையில், முட்டி இடிக்கும் குட்டி நாற்காலியில்
டாக்டர் செங்கமலம், மடியில் மதிப்பீட்டுப் படிவம்.
அவர் பேனா மூடியைக் கழற்றியது
எனக்கு மட்டும் கேட்டது.

"உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?"

படங்கள் தயார். இரவு ஒரு மணிவரை
பிளாஸ்டிக் உறை போட்டு
குத்தாதபடி முனைகளை வளைத்து வெட்டியவை.

மூன்று பேர் தாளில் உள்ளபடியே சொன்னார்கள்.
அடுத்து யுவஸ்ரீ.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.
நான்கு, ஐந்து, ஆறு.
பாடநூல் நிறுத்திய இடம் தாண்டி
எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஒரு மீன்," என்றாள். "அம்மா. சித்தி."
சித்தி! என் கை படத்துக்குப் போனது.
"அம்மாவோட தங்கச்சியா?"
"இல்ல சேர். இந்தோனேசியா."
சமைப்பாராம். மீனுக்கும் அவர்தான் தீனி போடுவாராம்.
"அப்புறம் அப்பா. செவ்வாய்க்கெழம மட்டும்."

"மத்த நாள்ல?" ஜுனைத் கேட்டுவிட்டான்.
"மத்த நாள்ல அவங்க வீட்ல,"
மணி என்ன என்று கேட்டவனுக்குச்
சொல்வதுபோலச் சொன்னாள்.

மன்னிப்பு மாதிரி ஏதோ ஒன்று
என் வாய்வரை வந்தது. அவளுக்கு அது தேவைப்படவில்லை.
திரும்பிப் பலகையில் எழுதினேன்:
செவ்வாய்க்கிழமை.
எட்டு எழுத்து. கிழமைகள் அடுத்த தவணைக்குத்தான்.
அவள் எழுந்து வந்து
ஒவ்வோர் எழுத்தாய் விரல் வைத்துப் படித்தாள்.
"ழ"வில் கொஞ்சம் வழுக்கி, ஏறி, "மை"யில் நின்றாள்.
"என் நன்னா ஞாயித்துக்கெழம வருவாங்க,
அதையும் எழுதுங்க சேர்."
"எங்க அக்கா சனி!"
வாரம் முழுதும் பலகையில் ஏறியபோது
மணி அடித்தது.
படங்கள் உறைக்குள்ளேயே இருந்தன.

படிவத்தில்:
நேர மேலாண்மை, மேம்பட வேண்டும்.
கற்றல் வளங்கள், பயன்படுத்தப்படவில்லை.
"பிற" என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்,
பலகையிலிருந்து பார்த்து எழுதிய எட்டு எழுத்து.
பாராட்டா, குறையா?
ஜூரோங் ஈஸ்ட் வரை ரயிலில் யோசித்தேன்,
அங்கிருந்து பூன் லே வரையும்.

திங்கட்கிழமை மறுபடியும் குளிரறை.
இம்முறை விக்னராஜ் ஆசிரியர்.
இன்னும் இருபது நிமிடத்துக்கு என் வயது ஏழு.
"உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?"

விடை எனக்குத் தெரியும்.
அவன் தாளிலும் அதுதான் இருக்கும்.
எழுந்து நின்றேன்.
என் விரல்களைப் பார்த்தேன்.

அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
ஹமீதா சிரிப்பதை நிறுத்தினாள்.
அவன் உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது:
நான்கு.
ஐந்து.