தண்ணிக்குக் கழித்தது

கந்தப்பளை பஸ்ஸில்
ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழும்பி இடம் தந்தாள்.
எத்தனை மாசம் என்று அவள் கேட்கவில்லை.
லயத்தில் கேட்டார்கள்.
புருசன் செத்து ஆறு வருசம்.
பீலியடியில் என் பேச்சு வந்தால்
குடங்கள்கூட மெதுவாக நிரம்பின.

தோட்டத்து மருந்துக்காரர்
இரண்டு வருசமாய் காஸ் என்று மாத்திரை தந்தார்.

நுவரெலியாவில் ஸ்கேன் பார்த்த விதானகே டொக்டர்
தமிழைத் தேடித் தேடிச் சொன்னார்:
"கட்டி. குடல் தொங்குற சவ்வுல.
ரொம்பக் கொஞ்சப் பேருக்குத்தான் வரும்.
ஆனா கெட்டது இல்ல, அம்மா."

கெட்டது இல்லை.
கோயில் ஸ்பீக்கரில் அதை ஒருதரம்
சொல்லச் சொல்லலாமா என்றிருந்தது.

வயிற்றைக் கிழிக்கவில்லை.
காற்றடித்து உயர்த்தி மூன்றே ஓட்டை.
ஒன்றில் வெளிச்சமும் கெமராவும்,
மற்றதில் பென்சில் மொத்தத்தில் கம்பிகள்.
குடலுக்கு நோகாமல் கட்டியை மட்டும் பிரித்தாராம்.
பிறகு அந்தக் கையைப் பார்த்தேன்:
ஒட்ட வெட்டிய நகம், அவசரமில்லாத விரல்.
எங்கள் மலைக்கு வந்தால்
மத்தியானத்துக்குள் பத்துக் கிலோ எடுப்பார்.

கண் விழித்தால் தோள் வலிக்கிறது.
வெட்டு வயிற்றில், நோவு தோளில்.
உள்ளே மிஞ்சிய காற்று அப்படித்தான் செய்யும் என்றாள் மிஸ்ஸி.
இருபத்தெட்டு வருசம்
கூடைக்கு வாய் திறக்காத தோள்
காற்றுக்கு அழுதது.

தராசடியில் தண்ணிக்கென்று
இரண்டு கிலோ கழிப்பார் கணக்கப்பிள்ளை.
நான் சுமந்ததோ முழுக்கத் தண்ணி.
ஆஸ்பத்திரித் துண்டில்
ஒரு சொட்டும் கழிக்காமல் எழுதியிருந்தது:
ஆயிரத்து நானூறு மில்லி.

ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது.
பதினெட்டாம் நாள் அந்தத் துண்டோடு
ஒப்பீஸ் வாசலில் நின்றேன்.
கிளாக்கர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"ஒப்பரேஷன் என்றால் இப்படியா நடந்து வருவாய்?
என் வீட்டுக்காரிக்குப் பதினாறு தையல்."

காட்டக்கூடிய இடமில்லை.
காட்டினாலும் மூன்று வடு,
அட்டை கடித்த மாதிரி.
கணுக்காலில் அதைவிடப் பெரிதாய்
எத்தனையோ வைத்திருக்கிறேன்.

காயம் சிறுத்தால் ஓய்வும் சிறுக்குமா ஐயா?
கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது.

கடைசியில் அரைப்பேர் என்றார்,
ஸ்டோரில் கிழிந்த சாக்குத் தைக்கிற வேலை.
உட்கார்ந்தேன்.
கோணி ஊசியில் சணலைக் கோத்து
பெரிய பெரிய தையலாய்ப் போட்டேன்,
ஒப்பீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தாலும்
எண்ணக்கூடியதாய்.