சாப்பிடக் கூடாதது

சேரம்பாடியில் ஆனி பிறந்தால்
முதலில் சுவருக்குத்தான் வியர்க்கும்.
பீரோவுக்குப் பின்னால் கறுப்பாய் ஒரு பொட்டு,
ஆடிக்குள் அது தேசப்படம்.
பள்ளிக்கூட போட்டோவில்
ஜெரின் முகத்தில் மட்டும் பூத்திருக்கிறது.

வீட்டை மாற்றுங்கள் என்றார் பந்தலூர் டாக்டர்.
சீட்டில் அதை எழுதவில்லை.

பத்தேரிக்கு பஸ் ஏறினேன்.
மருந்துக்கடைக்காரர் "பூப்பலா?" என்றார்.
பூ என்றுதான் காதில் விழுந்தது.
சிங்க், வைட்டமின் சி, மீன் எண்ணெய்,
வெயிலுக்குப் பதிலாக ஒரு மஞ்சள் குளிகை,
வாரத்துக்கு ஒரு வெயில்.
ஆயிரத்து நானூற்று எழுபது.
வாடகையே இரண்டாயிரம்தான்.

ஒழுகலைப் பாருங்கள் என்றால்
ஏலியாஸ் சேட்டன் வானத்தைக் காட்டுகிறார்.
அவர் வீட்டுக்கும் அதே வானம்தான்,
ஓடு புதிது.

ராத்திரி முழுக்க இழுக்கிறது பிள்ளைக்கு.
விடிந்ததும் மாத்திரையை விழுங்கி
நாக்கை நீட்டிக் காட்டுவான்.
உள்ளே ஒரு சுவர் கட்டுகிறோம்டா என்று
சொல்லி வைத்திருக்கிறேன்.
அதுவும் ஓதம் ஏறாமல் இருக்க வேண்டும்.

நேற்று முதல் டப்பா காலி.
அடியில் வெள்ளையாய் ஒரு குட்டிப் பொட்டலம்,
ஏதேதோ மொழியில் எழுத்து, தமிழ் இல்லை.
ஜெரின்தான் எழுத்துக் கூட்டிச் சொன்னான்:
சாப்பிடக் கூடாதாம்,
ஈரத்தைக் குடிக்கிறதாம்.

அவ்வளவு காசில்
எங்கள் வீட்டைப் பற்றித் தெரிந்து வந்தது
இது ஒன்றுதான்.

பீரோவைத் திறந்து
அவன் யூனிபார்ம் மடிப்புக்குள் வைத்தேன்.
இன்னும் மூன்று டப்பா இருக்கிறது.
சீக்கிரம் முடியட்டும்.