அறுபத்தோராவது ஆள்

காலை ஐந்தே கால்.
கலமசூ நகரில், தண்டவாளத்தை ஒட்டி,
மூடிய ஷட்டருக்கு முன்னால்
அறுபத்தோராவது ஆளாக நிற்கிறேன்.
மணிக்கட்டில் காகிதப் பட்டை, அதில் எண்,
ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்குக் கட்டுவதுபோல.

அறுபதாவது ஆள்
தாடியில் பனி உறைய, மடக்கு நாற்காலியில் இருந்தபடி
சொல்லிக்கொண்டே இருக்கிறான்:
போர்பன் பீப்பாயில் பதினெட்டு மாதம்,
பிறகு மேப்பிள் பாகு ஊறிய பீப்பாயில் நான்கு,
மொத்தமே நானூறு பாட்டில்,
ஆளுக்கு இரண்டு.
இருபத்தைந்து வயது இருக்கும்.
நான் பேசியதைத்தான் பேசுகிறான்.
பீப்பாய் மட்டும் மாறியிருக்கிறது.

நான் டுவேன் டெர்ப்ஸ்ட்ரா,
ஃபர்னஸ் பழுது பார்ப்பவன்.
பன்னிரண்டு வருஷத்தில் நாலாயிரத்து நூற்றேழு பீர்.
ஏழு நோட்டு.
'ஈர வைக்கோல். மாம்பழத் தோல். கொஞ்சம் பென்சில்.'
என் கையெழுத்துதான்.
யாரோடு குடித்தேன், அன்று மழையா,
எதற்குச் சிரித்தோம்,
அதெல்லாம் எழுதவில்லை.

ஒரே பீரை இரண்டாம் முறை குடித்தது எத்தனை தடவை என்று
ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்.
ஒரு கையிலேயே விரல் மிஞ்சியது.
நுனிப்புல் மேய்ந்தே நரைத்துவிட்டது நாக்கு.

ஆரிகனில் ஒருவன் இருந்தான்.
தபாலில் பாட்டில் மாற்றிக்கொள்வோம்.
முகம் தெரியாது, குரல் தெரியாது.
பாட்டில் உடையாமல் சுற்றி அனுப்பும் காலுறை தெரியும்.
ஒரு ஜூனில் சாம்பல் நிறக் கம்பளி வந்தது,
குதிகால் ஓட்டையைக் கறுப்பு நூலில் யாரோ தைத்திருந்தார்கள்.
யார் தைத்தது என்று கேட்க நினைத்து
'பத்திரமாக வந்தது' என்று மட்டும் எழுதினேன்.
அதைத்தான் இப்போது போட்டிருக்கிறேன்.
உடம்பில் குளிராத இடம் அது ஒன்றுதான்.

நிலவறையில் ஒரு ஸ்டவுட் இருந்தது.
மெழுகு முத்திரை. ஒன்பது வருஷம்.
நல்ல நாளுக்கென்று வைத்தது.
கிரெட்சென் பட்டம் வாங்கினாள். இதைவிட நல்ல நாள் வரும் என்றேன்.
கொலீன் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பினாள்.
அவளால் குடிக்க முடியாதே, அப்புறம் என்றேன்.
வீட்டுக்கடன் தீர்ந்தது.
அது செவ்வாய்க்கிழமை.
போன மாதம், எதுவுமே இல்லாத ஒரு நாளில்
கொலீன் கத்தி எடுத்து மெழுகை வெட்டினாள்.
முகர்ந்தாள்.
'சோயா சாஸ்' என்றாள்.
அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.
அன்றிரவு அதை மாட்டிறைச்சியில் ஊற்றி வேகவைத்தாள்.
நன்றாகவே இருந்தது.

ஷட்டருக்குப் பின்னால் விளக்கு எரிகிறது.
தொழுவத்தில் மாடுகள் எழுவதுபோல
வரிசை எழுகிறது.
பாக்கெட்டில் போன் அதிர்கிறது:
கல் தெருவின் பழைய பௌலிங் கூடம்,
ஃபர்னஸ் நின்றுவிட்டது,
மதியம் ஆட்கள் விளையாட வருவார்கள்.
வேறு ஆளை அனுப்பியிருக்கலாம்.
டர்னெல் சும்மாதான் இருக்கிறான்.

விலகினேன்.
அறுபத்திரண்டாவது ஆள் ஓரடி முன்னே வந்தார்.
நன்றி சொல்லவில்லை.
நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

பற்றவைக்கும் முனையில் கரி. மூன்று மணி நேர வேலை.
குழாய்கள் முனகி, இருமி, பிறகு சூடு வந்தது.
கூடத்தின் சொந்தக்காரி ரோஸ்வித்தா குபியாக்
கூலியை எண்ணி வைத்துவிட்டுக்
கண்ணாடி டம்ளரில் மஞ்சளாக ஒன்றை நீட்டினாள்.
நாக்கு வழக்கம்போல் கிளம்பியது:
சோளமா, ரொட்டி ஓரமா,
ஏதோ ஒரு உலோகம்...
அதற்குள் முதல் ஆள் உருட்டிய பந்து
பத்துக் கட்டையையும் ஒரே சத்தத்தில் சாய்த்தது.
திரும்பிப் பார்த்தேன்.
டம்ளர் காலி.

'இன்னொன்று?'
'அதேதானா?'
'இங்கே வேறு என்ன இருக்கிறது' என்றாள்,
என் மணிக்கட்டைப் பார்த்தபடி.
'உடம்புக்கு என்ன, ஆஸ்பத்திரியிலிருந்தா வருகிறாய்?'