இரண்டேகால் மணிக் கோடு

ஐந்து நாளுக்கு ஒருமுறை
முற்பகல் பத்தே முக்காலுக்கு
வாதி அத்-தவாசிரின் மேலே கடந்துபோகும் அது.
எடுத்த படம் மறுநாள்
ரியாத்தில் என் மேசைக்கு வந்துவிடும்.
மணற்கல்லில் ஊற்றிய பச்சைப்பயறு தோசைகளாய்
நாற்பத்தொரு வட்டங்கள்.
ஒவ்வொன்றும் எண்ணூறு மீட்டர் அகலக் குதிரைமசால்.
நடுவில் கிணறு,
கிணற்றிலிருந்து சக்கரம் வைத்த நீண்ட இரும்புக் கை,
இருபத்திரண்டு மணி நேரத்தில் ஒரு சுற்று.

இலைக்குத் தாகமா என்று
இலையிடம் நான் கேட்பதில்லை.
அது திருப்பியனுப்பும் வெளிச்சத்திடம் கேட்கிறேன்,
கண்ணுக்கு எட்டாத சிவப்பிடம்.
பிறகு எழுதி அனுப்புகிறேன்:
ஒன்பது, வேகம் நாற்பது சதம்.
பதினான்கு, நாளை இரவுவரை நிறுத்து.
பதினேழு, பன்னிரண்டு மில்லிமீட்டர்.
கொஞ்சம் திமிரும் உண்டு,
மழையை அனுப்பும் உத்தியோகம் அல்லவா.

ஆடி பிறந்த வாரம்
பதினேழில் ஒரு கோடு.
மையத்திலிருந்து விளிம்புவரை
ஒரு புள்ளி அகலம், நாற்பது புள்ளி நீளம்,
ஈரப்படத்தில் கருநீலம்.
நின்றுபோன கடிகாரத்தின் முள்.
கோணத்தை அளந்து
வேகத்தால் வகுத்துப் பின்னோக்கி எண்ணினேன்.
ஞாயிறு பின்னிரவு இரண்டேகால்.
கை நின்றிருக்கிறது
ஒரு மணி பத்து நிமிடம்.
தண்ணீர் நிற்கவில்லை.

"டயர் புதைஞ்சிருச்சு மேடம், அஞ்சாவது டவர்"
என்றான் சேவுகமூர்த்தி.
புதைந்தால் அலாரம் பதிவாகியிருக்குமே.
போனில் காற்று மட்டும் கேட்டது சற்று நேரம்.

பிறகு சொன்னான்
கேம்ப் ஜெனரேட்டர் படுத்துவிட்டதை,
நள்ளிரவு தாண்டியும் முப்பத்தெட்டு டிகிரி,
தகரத்துக்குக் கீழே பதினோரு பேர்,
நம்மவர் நாலு, பெஷாவர்க்காரர் ஐந்து, சூடானியர் இரண்டு,
பாயைச் சுருட்டிக்கொண்டு
இருட்டில் வயலுக்கு நடந்து வந்ததை,
கை நகர்ந்துகொண்டே இருந்ததால்
கூடவே நடந்து நடந்து குளிக்க வேண்டியிருந்ததை,
சோப்பு நுரையோடு பயிரில் வழுக்கி ஒருவன் விழுந்ததை,
அப்புறம்தான் இவன் போய் சுவிட்சைத் திருப்பியதை.

எழுநூறு மீட்டர் ஆழத்துத் தண்ணீர்.
குழாயில் கை வைத்தால் தோல் உரியும்.
நாசிலில் உடைந்து சிதறிக்
கீழே வருவதற்குள் ஆறிவிடும்.
ஊரென்று எதற்கும் பெயரில்லாத காலத்தில்
பெய்த மழை அது,
இனி ஊறாது, சொட்டுக்குச் சொட்டு கணக்கு.

நானும் கணக்குப் போட்டேன், கை சும்மா இருக்காது.
முந்நூறு கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.
தலைக்கு ஏறக்குறைய இருபத்தேழாயிரம் லிட்டர்
ஒரு வேளைக் குளியலுக்கு.

'காரணம்' என்ற கட்டத்தில்
டயர் புதைவு என்று எழுதினேன்.
கேம்ப் பிரிவுக்குத் தனியாக ஒரு மெயில்.
படம் அதன்பிறகு மூன்று முறை வந்துவிட்டது,
கோடு மங்கிப் பச்சையில் கரைந்துவிட்டது.
மெயிலுக்குப் பதில் இல்லை.

அன்று போனை வைக்குமுன் கேட்டான்:
"மேடம், அந்தப் படத்துல நாங்க தெரியிறோமா?"
இல்லை, அது பகலில்தான் வரும் என்றேன்,
வந்தாலும் ஒரு புள்ளிக்குப் பத்து மீட்டர்,
ஆளெல்லாம் தெரியாது.

அவன் பதில் சொல்லுமுன்
பின்னாலிருந்து யாரோ கத்தினார்:
"தெரியாதாமா? அப்பாடா,
ஒருத்தன் இடுப்புலயும் துணி இல்லடா!"