முதல் உருகல்

மார்ச் பதினாறு. டாட்ரா மலை,
ஸாகோபானேக்கு நேர் மேலே.
தோளளவு குழி.
ப்ரோனியா உள்ளே நிற்கிறாள்,
சுவரில் குழாய் செருகி
அரையடிக்கு ஒரு பையாய்ப் பனி எடுக்கிறாள்.
யென்ட்ரெக் பென்சிலால் குறிக்கிறான்;
பேனா மை எப்போதோ உறைந்துவிட்டது.

மேலே புதுப் பொடி.
அடியில் பிப்ரவரி, மொறமொறவென்று.
அதற்கும் அடியில்
நகக்கண் அழுக்குபோல் ஒரு கோடு.

"ஜனவரி" என்கிறான்.
அவளுக்குத் தேதியே தெரியும்.
மூன்று நாள் காற்றில்லை.
ஊர் தான் விட்ட மூச்சையே
திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது.
மகனுக்கு முப்பத்தொன்பதரை டிகிரி.
விடியும்வரை அடுப்புக்கு
நிலக்கரி அள்ளிப் போட்டாள்,
ஈரக் கரி, மலிவாய் வாங்கியது.
நாலாம் நாள் வடகாற்று.
பிறகு பனி.

ஆய்வகத்தில் இது எண்களாகிவிடும்:
சல்ஃபேட் இவ்வளவு, நைட்ரேட் இவ்வளவு.
எந்த வீட்டுப் புகைபோக்கி என்று
எந்த எண்ணும் சொல்லாது.
அது ஒரு நிம்மதிதான்.

அமிலம் பனிமணிக்குள் தங்குவதில்லை,
தோலில்தான் ஒட்டியிருக்கும்.
ஏப்ரல் வெயில் பட்டதும் அதுதான் முதலில் கழன்று ஓடும்.
பின்னால் வரும் தண்ணீர் தெளிவு,
அதைத்தான் நாம் படம் எடுக்கிறோம்.

முதல் தண்ணீர் ஓடைக் கூழாங்கல்லுக்கடியில் போகும்,
முட்டை விட்டு வந்த ட்ரவுட் குஞ்சுகள்
இன்னும் கண்ணே சரியாகத் திறக்காத இடத்துக்கு.

"பதினாலாவது பை. ஏதாவது குறிப்பு?"
யென்ட்ரெக் பென்சிலோடு காத்திருக்கிறான்.

"கரி" என்கிறாள்.
கொஞ்சம் கழித்து,
"உள்ளூர்" என்கிறாள்.