ஏழாம் நாள் புட்டி

"மறுபடியும் மணலா?"
என்றார் எலாடியோ ஃபெர்வென்சா.
ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில்
சிலிக்கா என்ற சொல்லை அழுத்திக்கொண்டிருந்தது
நகம் பிளந்த கட்டைவிரல்.

வால்தெயோராஸ் மலைச்சரிவில்
முப்பத்தொரு வருடம் பலகைக்கல் பிளந்தவர்.
கலீசியாவின் அந்தப் பக்கம் கூரைகளெல்லாம் கருநீலம்.
மழை பெய்தால் மீன்முதுகாய் மினுங்கும்.
கூரைக்குப் போகாத மிச்சம்
அவர் நெஞ்சுக்குள் இருக்கிறது.
எக்ஸ்ரேயில் பார்த்தேன்:
இரண்டு நுரையீரலிலும்
யாரோ அரிசி இறைத்ததுபோல.

இப்போது முதுகில் ஒரு மச்சம் கெட்டுவிட்டது.
எந்த நிணநீர்க் கணுவரை அது நடந்துபோயிருக்கிறது என்று
கத்திக்கு வழிகாட்ட ஒரு விளக்கு வேண்டும்.
எங்களிடம் இருக்கும் விளக்கோ
சிலிக்காவால் செய்தது.

சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில் ஒன்று என்னிடம் உண்டு.
"அது படிகம், ஐயா. இது படிகமல்ல, கண்ணாடி ஜாதி.
அது தூசாய் மூச்சில் ஏறியது,
இது நீரில் கலந்து ஊசியில் இறங்கும்.
ஆறே நானோமீட்டர்.
சிறுநீரகச் சல்லடையில் நழுவிப் போய்விடும்."

"கல் பட்டறை மேஸ்திரியும் இதைத்தான் சொன்னான்.
சின்னத் தூசுதான், இருமினால் போய்விடும் என்று."

அங்கேயே நிறுத்தியிருந்தால்
அவர் கண்ணில் மண் தூவியதாகியிருக்கும்.
அதுவும் அதே மண்.

ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினேன்.
உரக்கப் படித்தேன்.
கொஞ்சம் ஈரலில் தங்கலாம். மண்ணீரலில் தங்கலாம்.
மேலே பூச்சு இல்லாத துகள்
சிவப்பணுவின் தோலைக் கிழிக்கும்,
அதனால் பூசியிருக்கிறோம்.
பூச்சு எத்தனை நாள் தாங்கும் என்பது
எலிகளில் தெரியும்.
பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்று தெரியாது.
இந்த ஆய்வுக்கே வயது நான்கு.

"தெரியாது என்று எழுதியிருக்கிறதா, வாயால் சொல்கிறாயா?"
வரியைக் காட்டினேன்.
கண்ணாடியை ஏற்றி, எழுத்துக்கூட்டிப் படித்தார்.
பேனா கேட்டார்.

கணு கிடைத்தது, ஒன்றே ஒன்று,
திரையில் மின்மினியாய்.
அதற்குப் பிறகு என் வேலை புட்டிகள்.
முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் சிறுநீர்,
பெயர், மணி, மில்லிலிட்டர்.

"என்னுடையது எரியுமா? பார்க்கணும்."
ஆய்வகத்தில் விளக்கை அணைத்தேன்.
வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது,
கேமராவுக்குத்தான் தெரியும்.
திரையில் புட்டி பச்சையாய்ப் பற்றிக்கொண்டது.
பச்சை, கணினி பூசிய நிறம் என்றும் சொல்லிவைத்தேன்.
அவர் காதில் விழவில்லை.
சபேலா, என் மூத்திரத்தைப் பார்,
திருவிழா கணக்காக, என்று சிரித்தார்.
சிரிப்பு இருமலாயிற்று.
இருமல் நிற்க நேரமாயிற்று.
இருட்டில் நாற்காலியைத் தேடி
நகர்த்திப் போட்டேன்.
பழைய மணல் பேசி முடிக்கும்வரை
புதிய மணல் திரையில் சும்மா எரிந்தது.

ஐந்து நாளில் நூற்றுக்கு அறுபத்தெட்டு வெளியே.
ஆறாம் நாள் இன்னும் நான்கு.
ஏழாம் நாள் அவர் வரவில்லை.

போனில் காற்று இரைந்தது.
"செஸ்ட்நட் கொட்டுகிறது, மகளே.
இன்று பொறுக்காவிட்டால் காட்டுப்பன்றிக்கு."
புட்டி?
"அதுவா, மரத்தடியில் விட்டுவிட்டேன்."

புள்ளியியல் பார்க்கும் ப்ரெய்ஷோ
வளைகோட்டை நீட்டினால் போதும் என்றான்.
எழுபத்து மூன்று, மிஞ்சினால் எழுபத்து நான்கு.
யாரும் கேட்கப்போவதில்லை.

அவன் கணக்கில் பிழையில்லை.
ஆனாலும் கட்டத்தை வெறுமையாகவே விட்டேன்.
குறிப்புப் பத்தியில் தட்டினேன்:
மாதிரி இல்லை.
காரணம், காட்டுப்பன்றி.